சைபர் காட்டிய மீட்டர்

அனகாபுத்தூரில் ஒரு சாயப்பட்டறை. அதன் கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கி அடைப்பு எடுப்பவர் பம்ப் ஆபரேட்டர் காசி. நான் சரிபார்த்துக் கொடுக்கும் காஸ் மீட்டரை நம்பித்தான் அவர் இறங்குவார்.

எனக்குத் தாம்பரத்தில் ஒரு சின்ன கம்பெனியில் சர்வீஸ் வேலை. மீட்டருக்குள் ஒரு சிறிய செல், அதில் கொஞ்சம் அமிலம். கழிவில் உண்டாகும், அழுகிய முட்டை நாற்றமடிக்கும் விஷவாயு உள்ளே புகுந்தால், எலக்ட்ரோடில் வினை நடந்து துளி கரண்ட் வரும். வாயு கூடினால் கரண்ட் கூடும். அதைத்தான் திரையில் எண்ணாகப் பார்க்கிறோம். வாயு இல்லையென்றால் சைபர். ஆனால் செல் செத்துப்போனாலும் சைபர்தான். அதனால் சிலிண்டரிலிருந்து டெஸ்ட் காஸ் காட்டி, எண் ஏறுகிறதா என்று பார்த்த பிறகுதான் ‘சரி’ என்று ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும்.

ஒரு நாள் பட்டறைக்குப் போய்ப் பார்த்தால் என் சிலிண்டர் காலி. சித்திரை வெயில் வேறு. பட்டறை சூப்பர்வைசர் என்னைத் திரும்பிப் போக விடவில்லை.

“நாளைக்கு ஆடிட் சார். சைபர் காட்டுதுல்ல? ஒட்டிட்டுப் போங்க.”

மீட்டரைத் தகரக் கொட்டகைச் சுவரில் மாட்டியிருந்தார்கள். தொட்டால் சுட்டது. அந்தச் சூட்டில் செல் வற்றிப்போகும் என்று எனக்குத் தெரியும். தாம்பரம் போய்த் திரும்பி வர அலுப்பு. ஒட்டிக் கையெழுத்தும் போட்டேன்.

காசி டீ வாங்கி வந்து நீட்டினார். “இன்னா சார், மிஷின் நல்லாக்கீதா?”

“நல்லா இருக்கு. தைரியமா எறங்குங்க.”

படுபாவி, வாய் கூசாமல் சொன்னேன்.

நான்காம் நாள் காசி வழக்கம்போல மீட்டரைக் கயிற்றில் கட்டித் தொட்டிக்குள் விட்டிருக்கிறார். வாயு இருந்தால் அலாரம் கத்த வேண்டும்; அது கத்தவில்லை. இறங்கினார். பிணமாகத்தான் மேலே தூக்கினார்கள்.

மீட்டர் என் மேசைக்கு வந்தது. டெஸ்ட் காஸைத் திறந்துவிட்டேன். சைபர் அசையவே இல்லை.

மீட்டரைப் பார்க்காமல் இறங்கிவிட்டார் என்று பட்டறையில் கதை கட்டிவிட்டார்கள். அவர் வீட்டுக்குப் போனபோது மனைவி அதைத்தான் கேட்டார்.

“மெய்யா சார்? அவரு வூட்ல காஸ் அடுப்பயே ரெண்டு வாட்டி மூடிப் பாக்குற ஆளு.”

“பாத்துட்டுத்தாம்மா எறங்கினாரு. மீட்டர்தான் செத்துக் கெடந்துச்சு. அத நல்லாருக்குன்னு கையெழுத்துப் போட்டவன் நான்.”

அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. “இத பட்டறக்காரங்க எதிர்லயும் வந்து சொல்லு சார்” என்றார்.

போய்ச் சொன்னேன். அன்றோடு என் வேலை போயிற்று.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்றுதான் சொல்வேன். சிலிண்டர் காலியென்றால் ஸ்டிக்கர் பையிலேயே இருக்கட்டும். எவன் அவசரப்படுத்தினாலும் சரி, இறங்கப் போகிற ஆளே டீ வாங்கிக் கொடுத்தாலும் சரி.