பனிச்சரிவும் அம்மாவின் முழங்காலும்

எனக்குப் பத்து வயதிருக்கும்போது, அரையாண்டு விடுமுறையில், மாமா எங்களை இமாசலத்துக்குப் பனி பார்க்கக் கூட்டிப் போனார். மாமா என்றால் அம்மாவின் அண்ணன். பெரியநாயக்கன்பாளையத்தில் பம்ப்செட் பட்டறை வைத்திருந்தார். சரக்கு விற்க வடக்கே அலைந்ததில் இந்தி பழகியிருந்தது. அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. எனக்கும் அம்மாவுக்கும் இந்தியில் ஒரு வார்த்தை தெரியாது. ஆகவே மலையில் யார் என்ன சொன்னாலும் அது மாமாவின் வாய் வழியாகத்தான் எங்களுக்கு வந்து சேர்ந்தது. அவர் பேச்சுக்கு எங்கள் குடும்பத்தில் யாரும் எதிர்ப்பேச்சுப் பேசுவதில்லை.

மூன்று மணி நேரம் ஏறினால் உறைந்துபோன ஏரி ஒன்று இருக்கிறது, அதன்மேல் நடக்கலாம் என்று மாமா சொல்லியிருந்தார். நான் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். இரண்டு நாள் விடாமல் பனி கொட்டி, அன்று காலைதான் வெயில் அடித்தது. அந்த ஊர்க்காரர் ஒருவர் வழிகாட்டியாக முன்னால் போனார். அதிகம் பேசாத மனிதர்.

ஏரிக்கு முன்னால் செங்குத்தான சரிவு ஒன்றைக் குறுக்கே கடக்க வேண்டியிருந்தது. அதை நெருங்கும்போது காலடியில் 'உம்ப்' என்று ஒரு சத்தம் கேட்டது. மாவு மூட்டையைத் தரையில் போட்டதுபோல, பனிக்கு அடியிலிருந்து. எனக்கு அது பிடித்துவிட்டது. மறுபடி கேட்க வேண்டும் என்று இரண்டு முறை குதித்தேன். வழிகாட்டி ஓடி வந்து என் தோளை அழுத்திப் பிடித்து நிறுத்தினார்.

பிறகு பையிலிருந்து மண்வெட்டியை எடுத்து இடுப்பளவு குழி வெட்டினார். குழியின் சுவரில் பனியைத் தூண்போலச் செதுக்கி, அதன் தலையில் மண்வெட்டியை வைத்துக் கையால் தட்டினார். நாலாவது தட்டில் மேற்பனி பலகைபோல அப்படியே வழுக்கி வந்தது. அதன் அடியில் இருந்த பனியை அம்மா கையில் அள்ளிப் பிடித்துப் பார்த்தாள். உருண்டை பிடிக்கவில்லை. ரவைபோல விரலிடுக்கில் கொட்டிப் போயிற்று.

வழிகாட்டி சரிவைக் காட்டி மாமாவிடம் வெகுநேரம் பேசினார். ஒரு கையின்மேல் இன்னொரு கையை வைத்து வழுக்கிக் காட்டினார். மாமா எங்களிடம் திரும்பி, "கொஞ்சம் வழுக்குமாம், அவ்வளவுதான். காத்தால நாலு பேரு போயிருக்காங்க, தடம் இருக்குது பாரு. நாமளும் போயிரலாம்" என்றார்.

அம்மா வழிகாட்டியின் முகத்தைப் பார்த்தாள். அவர் இல்லையென்று மெல்லத் தலையசைத்தார். அவள் வலது முழங்காலைப் பிடித்துக்கொண்டு பனியில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஏனுங்ணா, எனக்கு முழங்காலு புடிச்சுக்கிச்சுங்க. இனி ஒரு எட்டு வெக்க முடியாதுங்க."

நான் அழுதேன். கத்தினேன். அம்மா அசையவில்லை. வழிகாட்டி கட்டுத்துணியோடு வந்து குனிந்தார். அம்மா இடது காலை நீட்டினாள். நான் அழுகையை நிறுத்திவிட்டு, "அம்மா, அந்தக் காலு இல்ல, இந்தக் காலு!" என்றேன்.

வழிகாட்டி தலை நிமிராமல் இடது காலுக்கே பொறுமையாகக் கட்டுப் போட்டார். மாமா சரிவையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் அம்மாவின் பையை எடுத்துத் தன் தோளில் மாட்டிக்கொண்டு, "வா கண்ணு, போலாம். அம்மாவுக்கு முடியலையல்ல" என்றார்.

இறங்கும்போது அம்மா ஒரு இடத்தில்கூட நொண்டவில்லை. நான் அவளோடு பேசாமலே நடந்தேன். நாங்கள் ஊரை விட்டுக் கிளம்பும் வரை அந்தச் சரிவு சரியவும் இல்லை. முன்னால் போன நாலு பேரும் சாயங்காலமே பத்திரமாகத் திரும்பி வந்து டீக்கடையில் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்து எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது.

அதற்குப் பிறகு விசேஷங்களில் யாராவது அந்த ஏரியைப் பற்றிக் கேட்டால் மாமா கொஞ்சமும் சிரிக்காமல் சொல்வார்: "எந் தங்கச்சிக்கு முழங்காலு முடியலீங்க, திரும்பிட்டோம்." அம்மாவும் ஆமாங்க என்பாள். எந்தக் கால் என்று நான் திருத்த வாயெடுப்பேன். அன்று அந்தப் பொய் மலையில் இருந்த எல்லோருக்கும் புரிந்திருந்தது, எங்கள் பாஷை தெரியாத அந்த வழிகாட்டிக்கும்கூட. அதைக் கண்டுபிடித்த எனக்குத்தான் புரியவில்லை.