பதிலுக்கு விட்ட இடம்

மலைப்பாதையில் பாதி ஏறியதும் பஸ் இன்ஜின் சூடாகி நின்றுவிட்டது. டிரைவர் இறங்கித் தண்ணீர் தேடப் போகும்போது டேப்பையும் நிறுத்திவிட்டுப் போனார். அப்போதுதான் கீழே புளியமரங்களுக்கு நடுவிலிருந்து அந்தக் குரல் கேட்டது. ஒரு பெண் ஒரே ஒரு அடி பாடினாள், நிறுத்தினாள். சும்மா இருந்தாள். மறுபடி இன்னொரு அடி, மறுபடி அதே அளவு மௌனம். இந்த மாதிரி விஷயம் காதில் விழுந்தால் எனக்குக் கை சும்மா இருக்காது. வாட்சைப் பார்த்து எண்ணினேன். ஒவ்வொரு இடைவெளியும் பதினான்கு விநாடி. ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை.

கண்டக்டரிடம் கேட்டேன். அவருக்கு அந்த வழியில் தெரியாத ஆள் கிடையாது. "அது கேள்விப் பாட்டும்மா. இந்தச் சரிவுல ஒருத்தி கேட்டா அந்தச் சரிவுல ஒருத்தி பதில் சொல்லணும். பதில் சொல்றவ இப்ப இல்ல. இது மட்டும் கேட்டுக்கினே இருக்குது" என்றார்.

இதைக் கேசட்டில் போட வேண்டும் என்று அங்கேயே, அந்த வளைவிலேயே எனக்குத் தோன்றிவிட்டது. டிரைவர் தண்ணீரோடு வருவதற்குள் முன்பக்க அட்டைக்குப் படம் என்ன, பின்பக்கம் என்ன எழுதுவது என்பது வரைக்கும் முடிவு செய்துவிட்டேன். அந்தப் பெண்ணைக் கேட்க வேண்டும் என்பது மட்டும் மறந்துபோயிருந்தது.

எங்கள் கேசட் கம்பெனி என்பது செங்கத்தில் ஒரு ரேடியோ ரிப்பேர் கடையின் பின்னறை. கடைக்காரர் என் தாய்மாமா. அவர் மகள் பெயர்தான் கம்பெனியின் பெயரும். மாமா பகலில் ரேடியோ பழுது பார்ப்பார். கேட்டு வருகிறவர்களுக்குச் சினிமாப் பாட்டு காபி பண்ணிக் கொடுப்பார். ஆனால் அவருடைய உயிர் இருந்தது வேறு இடத்தில். சுற்று வட்டாரத்தில் நன்றாகப் பாடுகிறவர்களையும் வாசிக்கிறவர்களையும் கூட்டிவந்து, ஜன்னலில் கோணி கட்டி, மின்விசிறியை நிறுத்தி, வியர்க்க வியர்க்கப் பதிவு செய்வார். ஒரு கூத்துக்காரர், படவேடு பக்கத்துப் பம்பைக்காரர், ஒப்பாரி பாடுகிற ஓர் அம்மாள், இவர்கள்தான் எங்கள் கலைஞர்கள். பம்பையின் எந்தத் தோல் எந்த வெயிலில் எப்படிச் சுருதி இறங்கும் என்று மாமாவுக்குத் தெரியும். பெரிய ஊர்க் கம்பெனிகளில் இப்படிக் காது உள்ளவர் இருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

நான் பௌதிகத்தில் டிகிரி முடித்துவிட்டு வீட்டில் இருப்புக் கொள்ளாமல் இருந்தவள். மாமா என்னை உள்ளே விட்டார். அட்டை எழுதுவது, மலையூர்ச் சந்தைக்குக் கேசட் கொண்டுபோவது எல்லாம் நான்தான். நானாகச் சேர்த்துக்கொண்ட வேலை ஒன்று உண்டு. ஒவ்வொரு கேசட் பெட்டிக்குள்ளும் மடித்து வைக்கிற ஒரு தாள் செய்தி. பக்கத்து டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சைக்ளோஸ்டைல் போட்டு வாங்குவேன். "பம்பைக்காரர் வீட்டில் பெண் குழந்தை பிறந்திருக்கிறது, ஆகையால் அடுத்த பதிவு இரண்டு வாரம் தள்ளி." "கூத்துக்காரருக்குத் தொண்டை சரியாகிவிட்டது. ஐஸ் போட்ட சர்பத் குடிப்பதைக் கண்டால் ரசிகர்கள் தடுக்கவும்." இதைப் படித்துவிட்டு யாரோ நிஜமாகவே சந்தையில் அவர் கையிலிருந்து சர்பத்தைப் பிடுங்கிவிட்டார்களாம். எனக்கு அன்றைக்கு முழுவதும் தரையில் கால் பாவவில்லை.

அடுத்த வாரமே டேப் ரெக்கார்டரோடு அந்த வளைவில் இறங்கிவிட்டேன். பாடிய அக்காவுக்கு முப்பது வயது இருக்கும். புளி உலுக்கிக்கொண்டிருந்தவர் என்னையும் மெஷினையும் மேலும் கீழும் பார்த்தார். ரேஷன் கார்டு கணக்கெடுக்க வந்தவள் என்று நினைத்தாராம். விஷயத்தைச் சொன்னதும் உடனே சம்மதித்ததுதான் ஆச்சரியம். காரணம் பிறகு தெரிந்தது.

பதில் பாடுகிறவள் அவருடைய நாத்தனார், புருஷனின் தங்கை. சின்னப் பெண்ணாக இருந்ததிலிருந்து இவரோடு எதிர்ச்சரிவில் நின்று பாடியவள். கல்யாணமாகி ஜமுனாமரத்தூருக்கு அந்தப் பக்கம், இரண்டு மலை தாண்டிப் போய்விட்டாள். பிறகு இரண்டு வீட்டு ஆண்களுக்கும் ஒரு புளியமரத்துப் பங்கில் தகராறு வந்து, போக்குவரத்தே நின்றுபோயிற்று. இரண்டு வருஷமாகப் பேச்சு இல்லை. சந்தையில் எதிரெதிரே பார்த்தாலும் கூட வந்த ஆண்களுக்குப் பயந்து தலையைத் திருப்பிக்கொண்டு போக வேண்டியதுதான்.

"கேசட்டு எல்லா ஊருக்கும் போகும் இல்ல? அவ காதுலயும் வுழும். வுழுந்தா அவளால சும்மா இருக்க முடியாது பொண்ணு. வாய் நமநமங்கும்" என்றார் அக்கா. ஒரே ஒரு நிபந்தனை போட்டார். பதிலுக்கு விட்ட இடத்தில் வேறு யாரும் பாடக்கூடாது, எந்த வாத்தியமும் வரக்கூடாது. அது நாத்தனாருடைய இடம்.

அன்று மத்தியானம் முழுக்கப் பதிவு செய்தோம்.

"மேட்டுக் காடு போனவளே,
மொறம் நெறைய இன்னா கொண்டே?"

இப்படி ஆரம்பித்து முப்பது கேள்விக்கு மேல். ஒவ்வொன்றுக்கும் பின்னால் பதினான்கு விநாடி. அந்த இடைவெளியில் அக்கா எதிர்ச்சரிவையே பார்த்துக்கொண்டிருப்பார். அங்கே யாருமில்லை, இரண்டு ஆடுகள் மட்டும்தான். ஆனாலும் கேட்டு முடித்துவிட்டுக் காத்திருக்கிற அந்த முகத்தைப் பார்த்தால், பாட்டு என்பது பாடுவது மட்டும் இல்லை போலிருக்கிறது என்று பட்டது. முடிந்ததும் கேசட்டின் பின்பக்கத்துச் சின்ன பிளாஸ்டிக் நாக்கை உடைத்துவிட்டேன். அதை உடைத்துவிட்டால் தவறிக்கூட மேலே வேறு எதுவும் பதிவாகாது. பிறகு நடந்ததைப் பார்த்தால், அந்த மலையில் நான் செய்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான்.

தப்பு எங்கே நடந்தது என்றால், மாமாவின் ஆள்காட்டி விரலில். வருஷக்கணக்காகச் சினிமாப் பாட்டு காபி பண்ணிப் பழகிய விரல் அது. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் சத்தமில்லாத இடம் வந்தால் பாஸ் பட்டனை அழுத்திவிடும், அடுத்தது தொடங்கும்போது விட்டுவிடும். வெற்று டேப் ஓடுகிற கேசட் கடைக்குத் திரும்பி வரும் என்பது அவர் தொழிலில் கண்டது. எனக்கு அந்த வாரம் காய்ச்சல். நிபந்தனையை மாமாவிடம் சொல்லியிருந்தேன், ஆனால் எப்படிச் சொன்னேன்? "நடுவுல மியூசிக் எதுவும் சேர்க்காதீங்க மாமா." சேர்க்கக் கூடாது என்றேனே தவிர, எடுக்கக் கூடாது என்று சொல்லத் தோன்றவில்லை. மாமா எதையும் சேர்க்கவில்லை. இருந்த மௌனத்தையெல்லாம் சுத்தமாக வெட்டி எடுத்து, கச்சிதமாக ஒரு பக்கத்துக்குள் அடக்கி, பெட்டி போட்டு மலைக்கு அனுப்பிவிட்டார்.

நான்கு நாள் கழித்து அக்கா முதல் பஸ்ஸில் இறங்கிக் கடைக்கே வந்தார். டீக்கடையில் அந்தக் கேசட் ஓடியதைக் கேட்டிருக்கிறார். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை.

"எங்க மலையில கேள்வி கேட்டுட்டுப் பதிலுக்கு நிக்காம அடுத்தத கேட்டா இன்னா அர்த்தம் தெரியுமாங்க? உன் பதிலு எனக்கு வாணாம், நீயும் வாணாம்னு அர்த்தம். பந்தம் அறுத்துக்கறவங்கதான் அப்புடிப் பாடுவாங்க. நீங்க என்ன முப்பது தபா அறுக்க வெச்சிட்டீங்க."

கடையில் ரேடியோ கொடுக்க வந்திருந்தவர் மெதுவாக வெளியே போய்விட்டார். அக்கா குரலை உயர்த்தவே இல்லை. "அவ ஊரு ஆளு ஒருத்தரு இந்தக் கேசட்ட வாங்கினு போய்ட்டாரு. இந்நேரம் அவ கேட்டிருப்பா" என்றார்.

மாமா தப்பிக்கப் பார்க்கவில்லை. என் மேல் சாட்டவும் இல்லை, சாட்ட நியாயம் இருந்தும். சால்டரிங் அயர்னைக் கீழே வைத்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "எவ்ளோ நேரம் விடணுங்க?"

"அவ பதில் பாடற நேரம்."

பதினான்கு விநாடி என்று நான் எண்ணி வைத்தது எல்லாக் கேள்விக்கும் பொருந்தாது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. சில பதில் நீளமாம். நாக்கு உடைத்த அசல் கேசட்டைத் தேடி எடுத்துப் போட்டோம். மாமா காபி பண்ணுகிற இரண்டு டெக்குக்கும் முன்னால் உட்கார்ந்து, வலது கையை முழங்காலுக்கு அடியில் வைத்துக்கொண்டார். ஏன் என்று கேட்டதற்கு, "அது சொன்ன பேச்சு கேக்காதும்மா" என்றார். அக்கா எதிரில் நின்று ஒவ்வொரு இடைவெளியிலும் வாயைத் திறக்காமல் உதட்டுக்குள்ளேயே நாத்தனாரின் பதிலை ஓட்டிப் பார்த்தார். நான் பதிவு செய்யும்போது பதினான்கு விநாடி ஆனதுமே அவசரப்பட்டு அடுத்த கேள்விக்குச் சைகை காட்டி, இரண்டு இடத்தில் இடம் குறைந்துபோயிருந்தது. அங்கே மட்டும் மாமா வெற்று டேப்பை ஓடவிட்டு நீட்டினார். சாயங்காலம் வரை மூன்று பேரும் கிட்டத்தட்ட எதையும் பேசாமல் மௌனத்தை அளந்துகொண்டிருந்தோம். என் வாழ்க்கையில் இவ்வளவு நல்ல வேலை நடந்து நான் பார்த்ததில்லை.

அந்த வாரச் செய்தித் தாளில் வேறு எதுவும் எழுதவில்லை. "பழைய கேசட்டில் எங்கள் பிழையால் பதிலுக்கு இடம் இல்லாமல் போய்விட்டது. பாடியவர் காத்திருந்துதான் பாடினார். பழையதைக் கொடுத்துப் புதியதை வாங்கிக்கொள்ளவும்." சந்தையில் கூடாரம் போட்டதுபோல ஒரு துணியைக் கட்டி உட்கார்ந்துகொண்டேன். படிக்கத் தெரியாதவர்களுக்கு வாயாலேயே சொன்னேன், தொண்டை கட்டும்வரை.

திரும்பி வருகிற பஸ்ஸில் டிரைவர் புதிய கேசட்டைப் போட்டார். முதல் கேள்வி முடிந்து சத்தம் நின்றதும் பின்சீட்டிலிருந்து ஒருவர் "டேப்பு புட்டுக்கிச்சு" என்றார். அதற்குள் கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண் பதில் பாடிவிட்டாள். அடுத்ததற்கு இன்னொருத்தி. ஒருத்தி தன் மாமியாரை வைத்து ஒரு பதில் கட்டினாள், மாமியார் பக்கத்திலேயே இருந்தார். பஸ்ஸே குலுங்கியது. எனக்குச் சிரிப்பும் வந்தது, கவலையும் வந்தது. அக்கா கேட்டது இத்தனை பேரையா?

மூன்று வாரம் ஒன்றும் இல்லை. அக்கா தினமும் ரோட்டோரம் வந்து பஸ்ஸை மறித்துக் கண்டக்டரிடம் ஏதாவது சேதி உண்டா என்பாராம். கண்டக்டருக்கே முகத்தைப் பார்க்கச் சங்கடமாகிவிட்டது. போன சந்தைக்குத்தான் நாத்தனார் தனியாக வந்திருக்கிறாள். டீக்கடையில் இரண்டு கேசட்டையும் ஒன்றன்பின் ஒன்றாகப் போடச் சொல்லி நின்றபடியே கேட்டிருக்கிறாள். பாடவில்லை. பஸ் கிளம்பும் நேரத்தில் கண்டக்டரிடம் வந்து சொன்னாளாம்:

"ரெண்டாவதா கேக்க வேண்டியத மூணாவதா கேட்டு வெச்சிருக்கா. அவளுக்கு எப்பவும் அதே வேலைதான். அந்த டேப்புக்காரப் பொண்ண மெஷினோட எங்க வூட்டாண்ட வரச் சொல்லுங்க."

கண்டக்டர் அந்த வளைவில் பஸ்ஸை நிறுத்தி இதைச் சொன்னபோது நானும் பஸ்ஸில் இருந்தேன். அக்கா மூன்று முறை திருப்பிச் சொல்லச் சொன்னார். "திட்டனாளா? நல்லாத் திட்டனாளா?" என்று கேட்டார். திட்டினாள் என்றதும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். கூட வருகிறீர்களா என்று கேட்டேன். ஆம்பிளைங்க இன்னும் பேசிக்கொள்ளவில்லை, நீ முதலில் போய்ட்டு வா பொண்ணு என்றார்.

ஆக, வருகிற வியாழக்கிழமை போகிறேன். யோசனை இதுதான். ஒரு மெஷினில் அக்காவின் கேசட் ஓடும், இரண்டாவது மெஷின் அதையும் நாத்தனார் பாடுவதையும் சேர்த்துப் பிடிக்கும். முதல் மெஷினின் இரைச்சலும் உள்ளே வரும் என்கிறார் மாமா. நேற்றுக் கடையில் சோதித்துப் பார்த்தோம். பதிலை நான்தான் பாடினேன். இரைச்சல் பரவாயில்லை, பாட்டைத்தான் உடனே அழித்தாக வேண்டும் என்றார். மெஷின்களுக்கு நடுவில் ஒரு தலையணை வைத்து, மைக்கை நாத்தனார் பக்கம் திருப்பிவிட்டால் சரியாகும் என்பது என் கணக்கு. கடைசி பஸ் ஸ்டாப்பிலிருந்து நடை. இரண்டு மெஷின், பேட்டரி, தலையணை எல்லாவற்றையும் எப்படித் தூக்குவது என்று இன்னும் தெரியவில்லை. கேள்விகளின் வரிசையை அவள் சொல்கிறபடி மாற்ற வேண்டியிருக்கும் என்று, முதல் மூன்று கேள்வியையும் தனித்தனிக் கேசட்டில் எடுத்து வைத்திருக்கிறேன். அவள் எதை முதலில் கேட்டாலும் போட்டுவிடலாம்.