பெரியம்மா கார்டில் பிறந்தவள்

பிழை பார்ப்பதுதான் என் வேலை. நியூ ஜெர்சியில் ஒரு மருந்துக் கம்பெனியில், பாட்டில்களில் ஒட்டும் லேபிள்களை வரி வரியாகப் படித்து, தவறு கண்ட இடத்தில் சிவப்பு மையால் வட்டம் போடுவேன். அப்படிப்பட்டவள், அம்மாவை என்னோடு அழைத்துக்கொள்ள மனுப் போட்டபோது, என் சொந்தப் பிறப்புச் சான்றிதழைச் சரியாகப் படிக்காமல் அனுப்பிவைத்தேன். சிவகாசியிலிருந்து தபாலில் வந்ததை, என் பிறந்த தேதி சரியா, முத்திரை இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. போதும் என்று உறையில் போட்டு ஒட்டிவிட்டேன்.

சில மாதம் கழித்துக் குடியேற்ற அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. நான் அழைக்கும் பெண் வேறு, சான்றிதழில் தாய் என்று இருக்கும் பெண் வேறு. மூன்று மாதத்துக்குள் ஆதாரத்தோடு விளக்காவிட்டால் மனு தள்ளுபடி. நகலை எடுத்துப் பார்த்தேன். தாய் என்ற இடத்தில் பெரியம்மாவின் பெயர், தகப்பன் என்ற இடத்தில் பெரியப்பாவின் பெயர். என்னைத் தத்துக் கொடுத்துவிட்டார்களோ என்றுகூட ஒரு நிமிடம் நினைத்தேன்.

உடனே எங்கள் ஊர் தாயில்பட்டிக்குப் போன் போட்டேன். அப்பா இறந்த பிறகு அம்மா அங்கே தனியாகத்தான் இருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தாள்.

"ஆமா, நீ பெரியம்மா கார்டுல பொறந்தவ. அப்ப அவ பேருதானே இருக்கும்?"

"இதை ஏம்மா எங்கிட்ட சொல்லவே இல்லை?"

"நீ கேக்கவே இல்லையே."

நடந்தது இதுதான். அம்மா வீட்டிலிருந்தபடி தீப்பெட்டி ஒட்டியவள். அப்படி ஒட்டுகிறவர்களுக்குக் கம்பெனியில் பேரும் கிடையாது, ஆஸ்பத்திரி கார்டும் கிடையாது. அவளுடைய அக்கா, அதாவது பெரியம்மா, தீப்பெட்டி ஆலைக்குள் குச்சி அடுக்கியவள். அவளுக்குத் தொழிலாளர் ஆஸ்பத்திரி கார்டு உண்டு. அம்மாவுக்கு நான் தலைச்சன். வலி எடுத்து ஒரு நாள் ஆகியும் நான் வரவில்லை. பிள்ளை குறுக்கே கிடக்கிறது, இனி என் கையில் இல்லை என்று மருத்துவச்சி சொல்லிவிட்டாள். தீப்பெட்டி லோடு ஏற்றிப்போன வேனில் அம்மாவைப் படுக்கவைத்து, பெரியம்மா தன் கார்டை இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்பினாள். அந்தக் காலத்தில் கார்டில் போட்டோ கிடையாது; அம்மாவைத் தன் பெயரிலேயே ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டாள்.

"நர்சம்மா எம் பேரச் சொல்லிக் கூப்பிடுவாக. உங்கம்மா வலியில கெடக்கா, அவளுக்கு எங்க காது கேக்கு? நான் வராந்தாவுல நின்னுக்கிட்டு, 'என்னம்மா'ன்னு வாயத் தொறந்துட்டு, சட்டுனு பொத்திக்கிருவேன்" என்று பெரியம்மா பிறகு நடித்தே காட்டினாள்.

திருட்டுத்தனம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். அந்தத் திருட்டுத்தனத்தால்தான் நான் உயிரோடு வந்து சேர்ந்தேன், அம்மாவும் பிழைத்தாள்.

தீபாவளி முடிந்த கையோடு மூன்று வாரம் லீவு போட்டு ஊருக்குப் போனேன். சீசன் முடிந்து பட்டாசுக் கம்பெனிகள் அடைத்துக் கிடக்கும் காலம் அது. யாரைக் கூப்பிட்டாலும் ஓய்வாக இருந்தார்கள், கூப்பிடாதவர்களும் வந்து விசாரித்தார்கள். பதிவேட்டைத் திருத்த வேண்டுமானால் பெரியம்மா பிரமாணப் பத்திரம் கொடுக்க வேண்டும், நடந்ததை அறிந்த வெளி ஆள் ஒருவர் சாட்சி சொல்ல வேண்டும் என்று பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் சொன்னார்கள். பெரியப்பாவும் அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டதால் அவர்களிடம் கையெழுத்துக் கேட்க வழியில்லை. சாட்சிக்கு ஆலையின் பழைய போர்மேன் கிடைத்தார். எழுபதைத் தாண்டியும் சட்டைப் பையில் இரண்டு பேனா வைத்திருந்தார்.

"நல்லா ஞாபகம் இருக்கும்மா. மொத நாள் சாயங்காலம் வரைக்கும் ஒங்க பெரியம்மா வயிறு ஒட்டிப்போய் உக்காந்து குச்சி அடுக்குறா. மறுநாள் புள்ள பெத்துட்டாள்னு ஆஸ்பத்திரியில இருந்து கடுதாசி வருது! நான் என்னத்தச் சொல்ல? பெத்த உடம்பு, மூணு மாசம் இந்தப் பக்கம் வரக்கூடாதுன்னு வீட்டுக்கு அனுப்பிட்டேன்."

இதுவும் எனக்குப் புதுச் செய்தி. பெரியம்மாவுக்குப் பிரசவ லீவு கிடைத்திருக்கிறது. அம்மாவோ காய்ச்சலில் எழுந்திருக்க முடியாமல் கிடந்தாளாம். அந்த மூன்று மாதமும் என்னைக் குளிப்பாட்டி, சாம்பிராணி போட்டு, காலில் போட்டு ஆட்டித் தூங்கவைத்தது எல்லாம் பெரியம்மா. லீவில் இருக்கிறவள் வேறு என்ன செய்வாள் என்று போர்மேன் சிரித்தார்.

மறுநாள் பெரியம்மாவையும் அம்மாவையும் போர்மேனையும் கூட்டிக்கொண்டு நோட்டரி வக்கீலிடம் போனேன். இத்தனை வருடம் கழித்து இதற்காக யாரும் கேஸ் போட மாட்டார்கள் என்று அவர் முதலிலேயே தைரியம் சொல்லிவிட்டார். பெரியம்மா பயந்த மாதிரியும் தெரியவில்லை. குங்குமக் கலர்ச் சேலை கட்டி, குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வக்கீல் டைப் செய்து கொடுத்த தாளை நான்தான் வாசித்துக் காட்டினேன். மேற்படி நபர் எனக்குப் பிறந்தவர் அல்ல. எனக்கும் அவருக்கும் தாய், மகள் என்ற எந்த உறவும் கிடையாது.

"மொத வரி சரி. ரெண்டாவது வரிய எடுக்கச் சொல்லு" என்றாள் பெரியம்மா.

"எல்லாப் பத்திரத்துலயும் வர்ற வரிதான்மா அது" என்றார் வக்கீல்.

"எல்லாப் பத்திரத்துலயும் வரட்டும். எம் பத்திரத்துல வேண்டாம்."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். பெரியம்மா குடையை எடுத்துக்கொண்டு வாசலில் இறங்கிவிட்டாள்.

எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. லீவில் பாதி தீர்ந்திருந்தது, கடிதத்தில் கொடுத்த கெடுவும் நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு வரிக்காக அம்மா வர முடியாமல் போய்விடுமே என்ற எரிச்சலில் தெருவில் நின்றே கத்தினேன். "அம்மா இங்கேயே தனியா கெடக்கட்டும்னு நெனைக்கிறீங்களா பெரியம்மா?" சொன்ன வாய் மூடும் முன்பே வெட்கமாகிவிட்டது. அப்பா போன நாளிலிருந்து தினமும் அம்மாவுக்குக் குழம்பு கொண்டுபோய்க் கொடுத்தது இவள்தான். அம்மா கிளம்பிவிட்டால் ஆளில்லாத வீட்டைப் பார்த்துக்கொண்டு இருக்கப்போவதும் இவள்தான்.

பெரியம்மா பதிலுக்குக் கோபப்படவில்லை.

"எனக்கு ரெண்டும் பயலுக. பொம்பளப் புள்ள இல்ல. ஒன்ன நான் பெக்கலன்னு எங்க வேணும்னாலும் கை நாட்டு வைப்பேன். ஆனா ஒரு உறவும் இல்லன்னு எப்படித் தாயி வைக்க? மூணு மாசம் லீவு போட்டுல்ல ஒன்னப் பாத்தேன்."

படிக்கட்டிலிருந்து அம்மாதான் உள்ளே திரும்பிச் சொன்னாள். "சார், எங்கக்கா சொல்றத அப்படியே எழுதிருங்க. அவ பொய் சொல்ல மாட்டா. சொன்னது அந்த ஒரு பொய்தான்."

வக்கீலுக்கே சிரிப்பு வந்துவிட்டது. பெரியம்மா திரும்ப வந்து உட்கார்ந்து, வேன் ஏறியதிலிருந்து சொன்னாள். தங்கைக்குப் பேறுகாலம், என் கார்டைக் கொடுத்தேன், பிள்ளை அவள் வயிற்றில் பிறந்தது, கார்டு என்னுடையது என்பதால் என் பெயர் ஏறியது, மூன்று மாதம் வீட்டிலிருந்து பிள்ளையை வளர்த்தேன். கடைசி வரி அவசியமில்லை என்றார் வக்கீல். பெரியம்மா குடையைத் தொட்டாள். அவர் அதையும் டைப் அடித்தார். அதற்குப் பிறகு பெரியம்மா பெருவிரலில் மையைத் தடவி அழுத்தி வைத்தாள், அருகில் நின்ற போர்மேன் இரண்டு பேனாவையும் எடுத்துப் பார்த்து, நன்றாக எழுதுவதைத் தேர்ந்து கையெழுத்துப் போட்டார்.

ஊரை விட்டுக் கிளம்பும் வாரத்தில் பதிவு அலுவலகத்துக்குப் போனேன். எழுத்தர் அந்த வருடத்துப் பதிவேட்டை எடுத்துத் தூசி தட்டி விரித்தார். மடங்கிய ஓரங்கள், வெளிறிய நீல மை. பெரியம்மாவின் பெயர் அப்படியே இருந்தது. பக்கத்து ஓரத்தில், சிறிய எழுத்தில், தாய் இன்னார், தகப்பன் இன்னார் எனத் திருத்தப்பட்டது என்று புதிய மையில் எழுதிக் கையெழுத்திட்டிருந்தார்கள். என் தொழில்புத்தி விடவில்லை.

"சார், பழைய பேரை அடிக்க மறந்துட்டீங்க."

"அடிக்கக் கூடாதும்மா. முதல்ல எழுதினத அழிக்கவே கூடாதுன்னு சட்டம். திருத்தத்த ஓரத்துலதான் எழுதணும்."

இனி கொடுக்கும் சான்றிதழில் அம்மா, அப்பா பெயர்தான் வரும் என்று சொல்லி, புதியதைக் கையில் கொடுத்தார். இந்த முறை ஒவ்வொரு எழுத்தாகப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் உறையில் போட்டேன்.

பெரியம்மா வெளியே வேப்பமரத்தடியில் நின்றிருந்தாள். எதையும் பொருட்படுத்தாதவள் மாதிரி ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"எம் பேர அடிச்சிட்டாகளா?"

"இல்ல பெரியம்மா. அப்படியேதான் இருக்கு. அம்மா பேரை ஓரத்துல எழுதியிருக்காங்க."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "ஓரத்துலயா?" என்று இன்னொரு முறை கேட்டுக்கொண்டாள். பஸ் ஸ்டாண்டில் எனக்கு ஜிகர்தண்டா வாங்கிக் கொடுத்தாள். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

மனு பாஸானது. சென்னையில் நேர்காணல் முடிந்து, மறு வருடம் அம்மா என் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். ஒரு பெட்டி நிறைய விருதுநகர் மிளகாய் வற்றல், அதோடு பெரியம்மா கொடுத்தனுப்பிய கருப்பட்டி. மிளகாய் வற்றலை விமான நிலையத்தில் தடுக்காமல் விட்டுவிட்டார்கள் என்பதை இன்றும் என்னால் நம்ப முடியவில்லை.

வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை பெரியம்மாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். குளிர் எம்புட்டு, சோறு கிடைக்கிறதா, வீட்டில் ஏறி இறங்க எத்தனை படி என்றெல்லாம் விசாரித்துவிட்டு, கடைசியில் தங்கையிடம் கண்டிப்பான குரலில் சொன்னாள்.

"ஏய், எம் புள்ளைய ஒழுங்கா பாத்துக்க. நீ ஓரத்துலதான் இருக்க, ஞாபகம் இருக்கட்டும்."

அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். "சரிக்கா" என்றாள்.