ரேடியோவே கேட்காத தெரு

சந்திரம்மா யாரையும் நம்பமாட்டாள். இதைக் குறையாகச் சொல்லவில்லை. அவள் வீட்டுக்கு எதிரே பதினெட்டு வருஷமாகத் தையல் மிஷின் மிதிக்கிறேன், பார்த்ததைச் சொல்கிறேன். பால் வாங்கினால் அதில் விரலை விட்டுப் பார்ப்பாள். ஜாக்கெட் தைத்துக் கொடுத்தால் மிச்சத் துணி எங்கே என்பாள். "மிச்சம் இல்லக்கா" என்று சொன்னால், "இல்லன்னு யாரு சொன்னது? நீதான சொல்ற?" என்பாள். இப்போதெல்லாம் கைக்குட்டை அளவுத் துண்டைக்கூட மடித்து உள்ளே வைத்துக் கொடுத்துவிடுகிறேன்.

அவள் அப்படி ஆனதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் நெம்மேலியைத் தாண்டி மாமல்லபுரம் போகிற சாலையில் ஒரு ரிசார்ட்டில் அவளுக்கு ரூம் சுத்தம் செய்கிற வேலை. ஒரு தடவை அங்கே தங்கியிருந்த ஆள் வாட்ச்சைக் காணோம் என்று கத்த, இவளை இரண்டு மணி நேரம் ஆபீசில் உட்காரவைத்தார்கள். வாட்ச் அந்த ஆளின் ஷூவுக்குள்ளேயே இருந்தது. யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. மறுநாளிலிருந்து வேலை முடிந்து கிளம்பும்போது, வாட்ச்மேன் கேட்பதற்கு முன்பே தன் பையை அவர் மேஜைமேல் கவிழ்த்துக் கொட்டுவாள். டிபன் டப்பா, சீப்பு, வெற்றிலைப் பை எல்லாம் உருளும். "நல்லாப் பாத்துக்கோ" என்று நின்று காட்டிவிட்டுத்தான் வருவாள். எட்டு வருஷமாக இது தினமும் நடக்கிறது.

அதற்கும் முன்னால் ஒரு சமயம் எங்கள் தெருவுக்கு அளக்கிற நாடாவும் நோட்டுமாக நாலு பேர் வந்தார்கள். "ஒண்ணுமில்லம்மா, சும்மா எழுதிக்கினு போறோம்" என்றார்கள். ஆறு மாதத்தில் ரோடு அகலமானது, அவள் வீட்டு முன்பக்கக் கூரை போனது. அன்றிலிருந்து நோட்டோடு யார் வந்தாலும் அவளுக்குப் பயம். பொய் சொல்வானேன், எங்கள் எல்லாருக்கும்தான்.

அவளுக்கு ஒரே பிள்ளை, கிருபாகரன். கணவர் ராஜேந்திரன் தவறியபிறகு இவள் ஒருத்தி சம்பாத்தியத்தில் டிப்ளமா படித்தான். மறைமலைநகர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலைக்குப் போனான். இரண்டே வருஷத்தில் அதை விட்டுவிட்டு, செங்கல்பட்டில் கொளவாய் எஃப்.எம். என்ற சின்ன ரேடியோ ஸ்டேஷனில் போய்ச் சேர்ந்தான். தினமும் சாயங்காலம் ஐந்திலிருந்து ஆறுவரை அவன் நிகழ்ச்சி. மற்ற ஸ்டேஷன்காரர்கள் மாதிரி வாயில் வெண்ணெய் வைத்துக்கொண்டு பேசமாட்டான். "இன்னா நைனா, வூட்டுக்குக் கெளம்பிட்டியா?" என்றுதான் ஆரம்பிப்பான். செய்யூர்ப் பக்கம் வேர்க்கடலை பிடுங்க ஆள் வேண்டும், திருக்கழுக்குன்றம் பஸ் இன்றைக்கு வராது, பொத்தேரி ரயில் ஸ்டேஷனில் ஒரு சாம்பல் நிறப் பை கிடக்கிறது, யாருடையதோ வந்து வாங்கிக்கொள்ளுங்கள், இப்படியே போகும். நடுநடுவே பாட்டு. எங்கள் தெருவில் முப்பத்தெட்டு வீட்டிலும் அந்த ஒரு மணி நேரம் அவன் குரல்தான். சந்திரம்மா வாசலில் முறத்தோடு உட்கார்ந்து, கேட்காதவள் மாதிரி கேட்டுக்கொண்டிருப்பாள். முகத்தில் பெருமை வழியும். "சொல்றதெல்லாம் நெசமான்னு தெரியல" என்று மட்டும் சொல்வாள்.

அந்த ரேடியோதான் அவளுக்குக் குழி பறித்தது. ஒருநாள் சாயங்காலம் அவன் குரல் கொஞ்சம் தடுமாறியது. "உங்ககிட்ட மறைக்க இஷ்டமில்ல. எனக்குப் போன வாரம் கல்யாணம் ஆயிடுச்சு. பொண்ணு பேரு மீரா" என்றான். தெருவே சந்திரம்மாவைத் திரும்பிப் பார்த்தது. மற்ற நேயர்களோடு சேர்ந்து அவளும் அப்போதுதான் கேட்டாள். மீரா திருக்கழுக்குன்றத்தில் கோயில் சேவை செய்கிற குடும்பத்துப் பெண். அவர்கள் வீட்டில் சம்மதிக்கமாட்டார்கள், விஷயம் தெரிந்தால் முதலில் அம்மாவைத்தான் வந்து மிரட்டுவார்கள் என்று பயந்து, யாருக்கும் சொல்லாமல் கல்யாணத்தைப் பதிவு செய்துவிட்டான். பின்னால் அவனே என்னிடம் போனில் சொன்னது இது. நான் போய் அவளிடம் சொன்னேன். "அவன் சொல்லிக்குடுத்தத நீ சொல்ற" என்றாள். ரேடியோப் பெட்டியை அன்றைக்கே பழைய சாமான்காரரிடம் போட்டுவிட்டாள். "எனக்குப் புள்ளயும் இல்ல, ரேடியோவும் இல்ல" என்றாள். அவன் இரண்டு முறை வந்தான். இரண்டு முறையும் கதவைத் திறக்கவில்லை.

இது நடந்து நாலாம் நாள் என் கடைக்கு வந்து, உள்பாவாடையில் ஒரு பை தைத்துக் கொடு என்றாள். போன் வைக்கிற அளவுக்கு, ஓரத்தில் ஒரு சின்ன ஓட்டையும் விட்டு. "எதுக்குக்கா ஓட்டை?" என்றேன். "காத்து போவ" என்றாள். நான் வாயை மூடிக்கொண்டு தைத்தேன். பட்டன் போனில் ஹெட்செட் ஒயரைச் செருகினால்தான் எஃப்.எம். எடுக்கும், அந்த ஒயர்தான் ஏரியல் என்பது எனக்குத் தெரியாதா? அதன்பின் மூன்று வருஷமாகச் சாயங்காலம் ஐந்து மணியானால் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய் நிற்பாள். அங்கேதான் கரகரப்பில்லாமல் எடுக்கும். கேட்டால் காதில் குளிர்காற்று படக்கூடாது என்பாள். மே மாதத்திலும் குளிர்காற்று. தெருவுக்கே தெரியும். யாரும் கிண்டிக் கேட்கவில்லை.

வேடிக்கை என்னவென்றால், அந்த மூன்று வருஷத்தில் நாங்கள் கேட்பதை விட்டுவிட்டோம். யாரும் கோபத்தில் விடவில்லை. கைக்குப் போன் வந்தது. எனக்குப் பிடித்த பாட்டை நானே போட்டுக்கொள்ளலாம், விளம்பரத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆட்டோவில் பென்டிரைவ், பஸ்ஸில் ஆளுக்கொரு ஹெட்போன். கிருபாகரனை நாங்கள் கைவிட்டது எங்களுக்கே தெரியாமல் நடந்தது. அதை நினைத்தால் இப்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

போன ஆடி மாதம் ஒரு பெண் வந்தாள். கழுத்தில் அடையாள அட்டை, கையில் சிலேட்டு மாதிரி ஒரு டேப். பெயர் சிநேகாவாம், பொத்தேரியில் படிக்கிறாளாம். மணி ஐந்தைத் தாண்டியிருந்தது. தொட்டிப் பக்கம் நின்றிருந்த சந்திரம்மாவிடம்தான் முதலில் போனாள். என் கடையிலிருந்து நாலு அடி தூரம், எல்லாம் காதில் விழுந்தது.

"ஆன்ட்டி, நீங்க ரேடியோ கேப்பீங்களா?"

"யாரு அனுப்ச்சா உன்ன?"

"சர்வே ஆன்ட்டி. எஃப்.எம். ஸ்டேஷனுக்காக. ஒண்ணுமில்ல, சும்மா எழுதிக்கிறதுதான்."

போச்சு என்று நினைத்துக்கொண்டேன். உலகத்தில் எத்தனையோ வார்த்தை இருக்க, அந்தப் பெண் இதையா சொல்லவேண்டும்? அதோடு விட்டாளா? டேப்பைத் திருப்பி ஒரு போட்டோவைக் காட்டினாள். "இவரோட நிகழ்ச்சி கேட்டிருக்கீங்களா?"

போட்டோவில் கிருபாகரன் மைக்குக்கு முன்னால் சிரித்துக்கொண்டிருந்தான். சந்திரம்மா முகத்தில் ஈயாடவில்லை. முன்பின் தெரியாத ஒருத்தி, பிள்ளையின் போட்டோவை வைத்துக்கொண்டு, அவன் பிறந்த தெருவில் விசாரிக்கிறாள். அவளுக்கு ஒன்றே ஒன்றுதான் தோன்றியிருக்கிறது. மீரா வீட்டு ஆட்கள் மூன்று வருஷம் கழித்து இந்தத் தெருவை மோப்பம் பிடித்துவிட்டார்கள்.

"இவன் யாருன்னே எனக்குத் தெரியாது" என்றாள்.

"அது என்ன ஆன்ட்டி, காதுல ஒயர்?"

"காது கேக்காது. மிஷினு. இந்தத் தெருவுல ரேடியோவே கெடையாது, போ."

அவள் அதைச் சொன்ன நேரத்தில், அந்த ஒயர் வழியாக அவன்தான் அவள் காதில் பேசிக்கொண்டிருந்தான்.

அந்தப் பெண் அடுத்த வீட்டுக்குப் போவதற்குள் சந்திரம்மா பின்சந்து வழியாக ஓடினாள். அறுபது வயதை எட்டிக்கொண்டிருக்கிறவள், முழங்கால் வலிக்காரி, அன்றைக்கு ஓடியதைப் பார்க்கவேண்டும். வீடு வீடாக, "மீரா வூட்டாளுங்க ஆள் வுட்டுகீறாங்க. போட்டோ வெச்சிகினு கீதுங்க. கேட்டா ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லுங்க" என்று சொல்லிக்கொண்டே போனாள். தெரு கட்டுப்பட்டது. கிருபா எங்கள் பிள்ளை, அவனைக் காட்டிக்கொடுப்போமா? சிலருக்கு வேறு பயமும் இருந்தது, மாதாமாதம் கவர்மெண்டிலிருந்து வருகிற பணத்துக்கு இது ஏதாவது வேட்டு வைக்குமோ என்று. முப்பத்தெட்டு வீட்டிலும் ஒரே பதில். என் கடைக்கு வந்தபோது நானும், "ரேடியோவா? அதெல்லாம் யாரும்மா கேக்கறா" என்றேன். அதில் பாதி உண்மை என்பதால் எனக்கு உறுத்தவில்லை. அந்தப் பெண் வாடிப்போன முகத்தோடு பஸ் ஏறினாள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு சாயங்காலம், சந்திரம்மா தொட்டிப் பக்கத்திலிருந்து நேராக என் கடைக்குள் வந்தாள். துண்டு அவிழ்ந்து தோளில் கிடந்தது. ஒயர் தொங்கியது. மறைக்கக்கூட இல்லை.

"நிறுத்தப் போறாங்களாம்" என்றாள்.

மெதுவாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். வருகிற வெள்ளிக்கிழமைதான் கடைசியாம். அடுத்த நாளிலிருந்து வேறு ஊர்க் குரல், முன்கூட்டியே பதிந்துவைத்தது, எல்லா ஊருக்கும் ஒன்றாகப் போகுமாம். கிருபாகரன் சிரித்துக்கொண்டேதான் சொல்லியிருக்கிறான். ஆபீசில் ஒரு கணக்கெடுப்பு நடத்தினார்களாம். "நான்தான் எங்க தெருவையும் சேத்துக்கோங்கன்னு சொன்னேன். வேற எங்க இல்லன்னாலும் அங்க ஒருத்தராவது கேப்பாங்கன்னு நெனச்சேன். அங்க ரேடியோவே இல்லியாம்" என்றானாம்.

என் கையில் இருந்த கத்தரிக்கோல் நின்றுவிட்டது.

"பொய்யி" என்றாள் சந்திரம்மா. "கம்பெனிக்காரன் கத கட்றான். அவனத் தொரத்தறதுக்கு ஒரு சாக்கு." தொங்கிய ஒயரை விரலில் சுற்றினாள். பிறகு, "ஜாக்குலினு, அந்தப் பொண்ணு நெசமாவே ரேடியோ பொண்ணுதானா?"

"ஆமாக்கா."

"ஒனக்கு எப்டித் தெரியும்?"

"கழுத்துல அட்டை இருந்துச்சு. நான் படிச்சேன்."

"படிச்சிட்டு ஏன் சொல்லல?"

இந்தக் கேள்வி எனக்குச் சுருக்கென்று தைத்தது. படித்தது எஃப்.எம். பெயரைத்தான். ஆனால் அவள் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து, அட்டையும் போலியாக இருக்குமோ என்று நானும் நினைத்தேன். அவளோடு பழகிப் பழகி எனக்கும் அந்தப் புத்தி வந்துவிட்டது. அதை அவளிடமே சொல்ல முடியுமா? "அக்கா, நம்ம ஒரு தெருவால ஸ்டேஷன் நிக்கல. ஊருல யாருமே கேக்கறதில்ல. எல்லாம் போனு" என்று சமாதானம் சொன்னேன். உண்மையும் அதுதான்.

"நம்மளாலயும்தான?" என்றாள். அதுவரை ஊரையெல்லாம் சந்தேகப்பட்டவள் அன்றைக்குத்தான் தன்னைச் சந்தேகப்பட ஆரம்பித்தாள். அந்த வாரம் முழுக்கப் பால்காரரிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஐந்தரை மணிக்கு வந்தாள். பாட்டுப் போடுகிற என் ஸ்பீக்கர் பெட்டியில் எஃப்.எம். உண்டா என்றாள். இருந்தது, நான் அதை அமுக்கியதே கிடையாது. சத்தமாக வை என்றாள். மூன்று வருஷத்துக்குப் பிறகு எங்கள் தெருவில் கிருபாகரன் குரல் கேட்டது. எதிர் வரிசையில் இரண்டு கதவு திறந்தது. அவன் நேயர்களை அழைக்கச் சொல்லி நம்பரைச் சொல்லிக்கொண்டிருந்தான். அவள் ஒயரைப் பிடுங்கிவிட்டுத் தன் போனில் அந்த நம்பரை அழுத்தினாள். முன்பெல்லாம் அந்த நம்பர் கிடைக்க விரல் தேயும். அன்றைக்கு முதல் மணியிலேயே எடுத்தான்.

"வணக்கம், யாரு பேசறீங்க? எங்கேர்ந்து?"

அவன் குரலோடு ஸ்பீக்கர் கீச்சென்று வீறிட்டது. "நேயரே, ரேடியோ சவுண்டக் கொஞ்சம் கொறைங்க" என்றான்.

"கொறைக்க மாட்டேன்" என்றாள் சந்திரம்மா. "கொறச்சா, நான் பேசறது நெசமாவே வெளிய போவுதான்னு எனக்கு எப்டித் தெரியும்?"

ஸ்பீக்கரில் கீச்சைத் தவிர அவன் குரலே இல்லை. ரேடியோவில் அவ்வளவு நேரம் யாரும் பேசாமல் இருந்து நான் கேட்டதில்லை. நான்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனேன், கீச்சுச் சத்தம் அடங்கட்டும் என்று. இரண்டு பேரும் அழுகிறார்களோ என்று எனக்குச் சந்தேகம். அவள் முகம் எனக்குத் தெரியவில்லை.

பிறகு அவன், மற்றவர்களிடம் கேட்கிற அதே கேள்வியைத்தான் கேட்டான். "எவ்ளோ நாளா நம்ம நிகழ்ச்சியக் கேக்கறீங்க?"

"மொத நாள்லேர்ந்து. ஒரு நாளு வுட்டதில்ல" என்றாள். "எழுதிக்கோ. நெம்மேலிப் பக்கம் ஒரு ஆளு. பேரு சந்திரம்மா. எழுதிக்கினியா?"

"எழுதிக்கினேம்மா."

"படிச்சுக் காட்டு."

அவன் படித்துக் காட்டினான். ஊர், பேர், ஒரு ஆள். அவள் சரி என்றாள்.

"இன்னா பாட்டும்மா போடட்டும்?"

"பாட்டுதான் எல்லார் போன்லியும் கீதே. பாட்டு வோணாம், நீ பேசு."

ஆறு மணி வரைக்கும் அவன் பாட்டே போடவில்லை.