நூற்று எழுபது மீட்டர் குறைவு

ஐந்து கிலோமீட்டரை முப்பது நிமிடத்துக்குள் ஓடிவிட வேண்டும் என்பது ஐம்பத்திரண்டு வயதில் எனக்கு வந்த வியாதி. சிலருக்கு இந்த வயதில் பக்தி வரும், சிலருக்கு மனை வாங்கும் ஆசை வரும். நான்கு போட்டிகளில் முப்பத்தொன்று, முப்பத்திரண்டு என்று முடித்து, சட்டை காயும் முன்பே அடுத்ததற்குப் பெயர் கொடுத்துக்கொண்டிருந்தேன். உட்கார்ந்தால் முழங்கால் தானாக ஆடும். "காலை ஆட்டாதீங்க, குடும்பத்துக்கு ஆகாது" என்பாள் மனைவி.

ஐந்தாவது போட்டி மூக்கண்டப்பள்ளியில் தொடங்கித் தொழிற்பேட்டைச் சாலைகளைச் சுற்றி வருவது. சர்க்கரை நோய் விழிப்புணர்வுக்காக. ஓடி முடித்தவர்களுக்கு ஜிலேபி உண்டு. பேசாமல் ஓடிவிட்டு வந்திருக்கலாம். ஆனால் நான் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் தரப் பரிசோதகன். அளக்காமல் எதையும் நம்பாமல் இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். முந்தின நாள் விடியற்காலையில், கம்பெனியின் கட்டடப் பிரிவில் இரவல் வாங்கிய அளவுச் சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு பாதை முழுவதும் நடந்தேன். நாய்கள் துணைக்கு வந்தன. முடிவு வளைவுக்குக் கம்பு நட்டிருந்த இடத்தில் சக்கரம் நாலாயிரத்து எண்ணூற்று முப்பது காட்டியது. மீதி நூற்று எழுபது மீட்டர் போனால் ஒரு லாரி எடைமேடை. உண்மையான ஐந்து கிலோமீட்டர் அங்கேதான் முடிந்தது.

இதை மத்தியானம் கேன்டீனில் தயிர்சாதத்துக்கு நடுவே அறிவித்ததுதான் தப்பு. எதிரே உட்கார்ந்திருந்தவர் எங்கள் லேத் ஆபரேட்டர், தேன்கனிக்கோட்டைக்காரர். வீட்டில் கன்னடம், கூட்டாளிகளிடம் தெலுங்கு, என்னிடம் தமிழ். அவர் கடைந்த நாற்பது ஷாஃப்ட்டுகளை, பத்து மைக்ரான் குறைகிறது என்று வெள்ளிக்கிழமைதான் ரிஜெக்ட் செய்திருந்தேன். ஒரு தலைமுடியை நீளவாக்கில் ஏழாகப் பிளந்தால் வரும் கீற்று, பத்து மைக்ரான். மோரைக் குடித்து முடித்துவிட்டு, "நூத்தி எழுவதா சார்?" என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை அவரும் ஓடினார். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். முதல் திருப்பத்திலேயே கண்ணுக்குத் தெரியவில்லை. எனக்கு முன்னால் ஒருவர் செல்போனில் சம்பந்தம் பேசிக்கொண்டே ஓடினார். அவரைத் தாண்ட ஒரு கிலோமீட்டர் ஆயிற்று. அதற்குள் மாப்பிள்ளை வீட்டார் ஒத்துக்கொண்டுவிட்டார்கள். நான் இருபதடிக்கு ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்தேன். பார்க்காத நேரத்தில் கணக்குப் போட்டேன். முடிவு வளைவை இருபத்தெட்டு ஐம்பதில் தாண்டினால், எடைமேடைக்கு ஒரு நிமிடம். பத்து வினாடி மிச்சம்.

வளைவை இருபத்தெட்டு ஐம்பதில் தாண்டினேன்.

உடனே ஒரு பெண், "கங்கிராட்ஸ் அங்கிள்" என்று கழுத்தில் பதக்கத்தை மாட்டினாள். கழுத்தில் எதையாவது மாட்டினால் நின்றுவிடுவது தமிழ் ஆண்களின் பழக்கம். நின்றேன். இங்கேயே முடிந்தது என்று வைத்துக்கொண்டால் யார் கேட்கப்போகிறார்கள் என்று தோன்றியது. கேட்க ஆள் இருந்தது. கையில் ஜிலேபியுடன் நின்றிருந்த ஆபரேட்டர், "இன்னா சார் நின்னுட்டீங்க? இன்னும் நூத்தி எழுவது இருக்குதே!" என்றார்.

நான் பாய்ந்தேன். அவரும் ஜிலேபியோடு கூடவே ஓடிவந்தார். அவசரத்தில் கன்னடம் வந்துவிட்டது: "ஓடி சார், ஓடி!" பின்னால் அந்தப் பெண் கத்தினாள். "அங்கிள்! ஃபினிஷ் இங்கதான்! அந்தப் பக்கம் ஒண்ணுமே இல்ல!" எடைமேடை வாட்ச்மேன் லாரியைத்தான் நிறுத்துவார், எங்களைப் பார்த்ததும் எழுந்து வழிவிட்டார்.

முப்பது நிமிடம், மூன்று வினாடி.

"அந்தப் பொண்ணு மெடல் போட்டதுல பதிமூணு செகண்டு போச்சு" என்றேன், குனிந்து மூச்சு வாங்கியபடி.

"நாங்களும் இதத்தான சார் சொல்றோம். டூல் தேஞ்சுடுச்சு, கரண்டு ஏறி எறங்குச்சுன்னு." விரலை நக்கிக்கொண்டார். "மூணு செகண்டுதானே, வுடுங்க சார். பாஸ் போட்டுடலாம்."

அதில் பாதிதான் கிண்டல். மீதி நிஜமான இரக்கம். அதைத்தான் தாங்க முடியவில்லை.

"ரிஜெக்ட்" என்றேன்.

"அப்ப என் நாப்பது?"

"அதுவும்தான்."

"சரி சார்" என்று சொல்லிவிட்டு, இரண்டாவது ஜிலேபி கிடைக்குமா என்று பார்க்கப் போனார்.

நான் வீடு போய்ச் சேருவதற்குள் போனில் சான்றிதழ் வந்திருந்தது: 28:50. மனைவி அதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டாள். சேலத்திலிருந்து திருப்பூர்வரை வாழ்த்துகள் குவிந்தன. ஹாலுக்கும் சமையலறைக்குமாக நாலு தடவை நடந்தேன். பிறகு, "தவறு. 30:03" என்று தட்டிவிட்டேன். கடைசியில் மைத்துனன் கேட்டான்: "மாமா, இது சுகரா, பிரஷரா?"

"இருபத்தெட்டுன்னு அச்சடிச்சுக் குடுத்தத எவனாச்சும் முப்பதாக்குவானா?" என்றாள் மனைவி. "செத்த உக்காருங்க, சொல்லுங்க, என்னதான் உங்களுக்கு?"

சொல்லப் பதில் இருந்தது. உட்காரத்தான் முடியவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினேன்.