ரொசெண்டோ பெயரில் ஒரு கறி

பானிங் தன் சோற்றுக்கடைப் பலகையில் 'ரொசெண்டோவின் கிரேக்கக் கறி' என்று எழுதி வைத்த நாளிலிருந்து ரொசெண்டோவுக்கு வயிற்றெரிச்சல். மழையில் எழுத்து கரைந்தால், ஸ்டூல் போட்டு ஏறி இன்னும் பெரிதாக எழுதுவாள்.

"என் பேரை எடு மாரே."

"நீதானே பாரே கத்துக்கொடுத்தே? நன்றி வேணாமா எனக்கு?"

அவள் மகனுக்கு ஞானத்தகப்பன் ரொசெண்டோ. அந்த உறவில்தான் இந்த மாரே, பாரே எல்லாம்.

கற்றுக்கொடுத்தது உண்மைதான். கிரேக்கக் கப்பல்களில் சமையல்காரனாகப் பாதி ஆயுளைக் கழித்தவன். சிவப்பு ஒயின், பட்டை, சின்ன வெங்காயம் போட்டு மாட்டுக்கறி வேகவைக்கும் பக்குவத்தை, விடுப்பில் வந்தபோது சொன்னான். முழுக்கக் கேட்டுவிட்டு அவள் ஒன்றுதான் கேட்டாள்: "இது சோத்துக்கு ஆகுமா?"

எந்த ஊர்ப் பண்டத்துக்கும் அவளிடம் அந்த ஒரு பரீட்சைதான். அமெரிக்கக்காரனின் டின் இறைச்சி பூண்டும் உருளைக்கிழங்கும் சேர்ந்து பாஸாகிவிட்டது. மகன் போனில் காட்டிய கொரியக் குழம்பு, இறால் விழுது விழுந்த பிறகு பாஸ். ரொசெண்டோவின் கறியில் ஒயின் போய்த் தென்னங்கள் வினிகர் வந்தது. பட்டை போய் எலுமிச்சைப்புல். புளிப்புக்குப் பட்வான் காய். கெட்டிக்கு மசித்த ஈரல். போதாததற்கு வறுத்த வாழைப்பழம் வேறு!

ரொசெண்டோ மூடியைத் தூக்கிப் பார்த்தான். "கிரேக்கன் பாத்தா கடல்ல குதிச்சிருவான்."

"நீந்தி இங்கதான் வருவான். சோறு கேட்டு."

அதன்பின் அவன் அதைத் தொட்டதில்லை. வறுத்த மீனோடு சரி. துறைமுகச் சுமைக்காரர்களோ கலமான்சி எலுமிச்சை பிழிந்து, மீன்சாறு ஊற்றி, மிளகாயை நசுக்கி, அவரவர் நாக்குக்குத் திருத்தித் தின்றுவிட்டு, "உங்க கறி அபாரம்ணே!" என்று அவன் முதுகில் தட்டிவிட்டுப் போவார்கள். கப்பலில் எவனாவது அப்படித் திருத்தியிருந்தால் கரண்டி பறந்திருக்கும். பானிங்குக்குக் கோபமே வராது. "முக்கால்வாசிதான் நான் சமைப்பேன். மிச்சம் தின்கிறவன் பாடு."

ஆனால் அந்த முக்கால்வாசியில் ஒரு நாளும் பிசகு இருக்காது. உள்ளங்கையில் சொட்டு விட்டு நக்குவாள். உடனே கை தானாக உப்புக்கோ வினிகருக்கோ போகும். அதைப் பார்க்கவே ரொசெண்டோ அடுப்புக்கு எதிர் பெஞ்சில் உட்காருவான். அவளிடம் சொன்னதில்லை.

இந்த ஜனவரிக் கடைசியில் அவளுக்குக் காய்ச்சல் வந்து போனது. மாதா திருநாளுக்கு முந்தின நாள் மத்தியானம். மறுநாள் பேட்டையே வந்து சாப்பிடும். பெரிய இரும்புச் சட்டியில் கறி கொதித்தது. அவள் உள்ளங்கையை நக்கினாள். நின்றாள். மறுபடி நக்கினாள். கை எங்கும் போகவில்லை.

"பாரே, உள்ளே வா."

போனான். அவள் திரையை இழுத்துவிட்டாள்.

"காய்ச்சலோட நாக்கும் போயிருச்சு. வினிகரும் தண்ணியும் எனக்கு ஒண்ணாத்தான் இருக்கு. வெளிய தெரிஞ்சா எவன் வருவான் கடைக்கு?"

"உன் மகனைக் கூப்பிடு. ருசி பாக்கட்டும்."

"அவன் அம்மா கையால வெந்நீர் குடுத்தாலும் அபாரம்பான். ஊரும் அப்படித்தான். இந்தக் கறி பிடிக்காதவன் நீ ஒருத்தன்தான் பாரே."

கரண்டியில் கொஞ்சம் எடுத்தாள். குழந்தைக்கு ஊதுவது போல ஊதி, அவன் வாய்க்கு நேரே நீட்டினாள்.

"நல்லாருக்குன்னு மட்டும் சொல்லிராதே. என்ன குறையுதுன்னு சொல்லு."