முன்பல்லில் ஒரு சந்து

என் அண்ணி பல்செட் செய்கிறவள். பல் டாக்டர் கிளினிக்கின் பின்னறையில் இருபத்தோரு வருஷ வேலை. பல்லை முதலில் மெழுகில் நட்டு, ஆளின் வாயில் மாட்டிப் பேசச் சொல்வாள். பேச்சு சரியாக வந்தால்தான் கெட்டியாக வார்ப்பாள்.

'அம்மா' என்றால் உதடு ஒட்ட வேண்டும், மூச்சு மூக்கு வழியாகப் போக வேண்டும். 'தாத்தா'வுக்கு நாக்கு நுனி மேல்பல்லைத் தொட வேண்டும். 'சும்மா' ஆரம்பிக்கும்போது தொண்டைகூட அதிராது, கை வைத்துப் பாருங்கள். நாக்குக்கும் பல்லுக்கும் நடுவே கிடைத்த சின்ன வழியில் மூச்சு சீறிக்கொண்டு வரும். குக்கர் ஆவியும் அதே கதைதான். வழி ஒரு முடியளவு மாறினால் விசிலடிக்கும்.

அவள் புருஷன், என் அண்ணன், அப்படித்தான் பேசுவான். முன்பல் இரண்டுக்கும் நடுவில் சந்து. 'சோறு போடு' என்றால் பாதி விசில். போன வருஷம் மாரடைப்பில் போய்விட்டான்.

போன வாரம் அண்ணிக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். ஆஸ்பத்திரியில் டோக்கன் கூப்பிடுகிற மனுஷர் மெழுகுப் பல்லோடு நாற்காலியில் இருந்தார்.

"சும்மான்னு சொல்லுங்க" என்றாள் அண்ணி.

"சும்மா."

கொண்டுபோன சாப்பாட்டைக் கீழே வைத்தேன். குரல் வேறு, முகம் வேறு. விசில் மட்டும் அண்ணனுடையது.

"இன்னொரு தடவ."

"நாலு நாளா இதையேதான சொல்றேன்? நாளைக்கு வேலைக்குப் போகலன்னா வேற ஆள் போட்டுருவாங்கம்மா. இந்தப் பல்லோட 'சீட்டக் காட்டுங்க'ன்னு சொன்னா, விசிலடிக்கிறேன்னு பொம்பளைங்க செருப்பக் கழட்டுவாங்க."

எட்டிப் பார்த்தேன். மெழுகில் முன்பல் இரண்டும் விலகி நின்றன. அண்ணியைக் கை கழுவும் தொட்டிப் பக்கம் இழுத்துப் போனேன்.

"தெரிஞ்சுதான் வச்சீங்களா?"

"மொத நாள் கை தானா வச்சிருச்சு. அப்புறம் எடுக்க மனசு வரல."

"செத்தவன் வாய உயிரோட இருக்கறவருக்கு மாட்டாதீங்க அண்ணி. அவரு பொழப்புல மண்ணப் போடாதீங்க."

"உனக்கும் கேட்டுச்சில்ல?"

"கேட்டுச்சு."

"அப்ப நான் பைத்தியம் இல்ல."

"அது வேற விஷயம். போய் வேலையப் பாருங்க."

அவர் வாயிலிருந்து பல்லைக் கழற்றி, கத்தியை விளக்கில் சுட்டு மெழுகில் வைத்தாள். மெழுகு இளகியது. கட்டைவிரலால் இரண்டு பல்லையும் ஒட்டித் தள்ளினாள். திரும்ப அவர் வாயில் மாட்டினாள்.

"சும்மா" என்றார் டோக்கன்காரர். சுத்தமாக வந்தது. சந்தோஷத்தில் நிறுத்தவே இல்லை. "சீட்டு. சோறு. சும்மா, சும்மா."

அண்ணி ஒவ்வொன்றுக்கும் காதைச் சாய்த்துக் கேட்டாள். ஒன்றிலும் அண்ணன் இல்லை. "நாளைக்குக் காலைல வந்து வாங்கிக்கோங்க" என்று சொல்லிவிட்டு வார்க்க உட்கார்ந்தாள்.

சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்தாள். சமையலறையில் உட்கார்ந்து வேறு ஏதோ பேசிக்கொண்டிருந்தவள், குக்கர் சீற ஆரம்பித்ததும் பேச்சை விட்டுத் தலையைச் சாய்த்தாள்.

மூன்றாவது விசிலில் அடுப்பை அணைத்திருக்க வேண்டும். எனக்குக் கை போகவில்லை. சோறு குழைந்துபோனது.